வாளி மீன்கள்

ஆற்று ஆய்வுக்கு இன்னொரு வருடம் நிதி வேண்டுமென்றால், மாணவிகள் உயிருள்ள மீன்களோடு நிற்கும் படம் வேண்டும் என்று அறக்கட்டளை எழுதியிருந்தது. மூன்று மாதமாக வலையில் ஒரு குஞ்சுகூடச் சிக்கவில்லை. ஆய்வக உதவியாளர் வண்ணமீன் கடையிலிருந்து ஐந்து மீன்களை வாளியில் கொண்டுவந்தார்.

“கவலைய விடுங்க டீச்சர். ஆத்துலதான் பொறந்தோம்னு இதுங்க சத்தியமே பண்ணும்.”

விலங்கியல் ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நிதி நின்றால் இந்த ஆற்றை எட்டிப்பார்க்கவும் ஆளிருக்காது. கடைத் தண்ணீர் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, அதைக் கொட்டிவிட்டு ஆற்றுநீரை ஊற்றச் சொன்னாள்.

மாணவிகள் வரிசையில் நின்று முடிப்பதற்குள் ஐந்தும் வயிறு மேலாக மிதந்தன.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.

“இறக்காதீங்க,” என்றாள் ஆசிரியை. “இதையே எடுங்க. இதத்தான் அனுப்பப்போறேன்.”