பொன்னுருக்கு முடியுமட்டும்

சிற்றம்பலத்தாரின் உயிர் பிரிந்தது காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பிந்தி. மாங்குளத்துக்குப் போகும் முதல் பஸ் கிளிநொச்சிச் சந்தியிலிருந்து ஆறேகாலுக்கு. இடையில் இருந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் கமலாசனி அழவில்லை. புருசனின் கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டினாள். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டு, முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மகனைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"தம்பி, கொப்பர் போட்டார். நீ வெளிக்கிடு."

தில்லைநாதனுக்கு இரண்டு வசனமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "எங்கை அம்மா வெளிக்கிடுறது?"

"முள்ளியவளைக்கு. பவுணை மடியிலை வைச்சிட்டியோ?"

"என்ன கதை கதைக்கிறியள்? அப்பா..."

"சத்தம் போடாதை. பத்தேகாலுக்குப் பொன்னுருக்கு. அது முடியுமட்டும் இந்த வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை."

அவன் அறை வாசலில் போய் நின்றான். தமக்கை விமலேஸ்வரி தகப்பனின் காலடியில் குந்தியிருந்தாள். சேலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் அடைத்திருந்தாள். "அக்கா, நான் போகட்டோ?" என்று கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஓம் என்றோ வேண்டாம் என்றோ தலையாட்டவில்லை. அதை அவன் தனக்குத் தோதாகவே எடுத்துக்கொண்டான். அது சரியா என்று பஸ்ஸில் ஏறியபிறகுதான் யோசித்தான்.

அவர்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அதன்பிறகு எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் துடக்கு, தீட்டு என்று பார்க்காமல் குறித்த நாளில் தாலி கட்டலாம். உருக்க முதல் விழுந்தால் ஒரு வருசம் பொறுக்க வேண்டும். விமலேஸ்வரிக்கு இருபத்தொன்பது நடக்கிறது. செவ்வாய்க் குற்றமுள்ள அவளுடைய சாதகம் ஐந்து வீடுகளுக்குப் போய்த் திரும்பிவந்தது. ஆறாவதாகப் பொருந்தியவர்தான் முள்ளியவளையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருக்கும் கதிர்காமநாதன். அவருடைய தாய் ஒரு வருசம் பொறுக்கிற ஆளில்லை. 'காலடி வைக்க முதலே தேப்பனை விழுங்கினவள்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஏழாவது வீடு என்று ஒன்று வராது.

அதோடு, இன்னொரு தடவை இந்தக் கலியாணத்தைக் கூட்ட வீட்டில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதமாகத் தில்லைநாதன் யோசித்ததெல்லாம் எது இல்லாமல் சமாளிக்கலாம் என்பதைத்தான். மேளக்கூட்டம் வேண்டாம், ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் போதும். அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை, முப்பத்திரண்டு பேருக்குக் கையால் எழுதினான். மணவறை, கோயில் மடத்தில் கறையான் பிடித்துக் கிடந்தது. கடதாசிப்பூ ஒட்டினால் முன்பக்கம் மட்டும் புதிது போலத் தெரியும். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? பந்தலுக்குக் கிடுகு அயலில் இரவல். பலகாரத்தில் பயற்றம் உருண்டையும் சிப்பியும் மட்டும். நாம்பன் மாடு இரண்டையும் விற்ற காசில் கூறைச்சேலையும் ஒரு தங்கப் பவுண் காசும் வாங்கியாயிற்று.

பவுண் உண்மையில் மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. அவர்கள் கையிலும் இல்லை. ஊருக்குத் தெரியாமல் பெண்வீட்டார் கொண்டுவந்து கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். ஆகவே தில்லைநாதன் போகாவிட்டால் பொன்வேலைப் பத்தருக்கு உருக்க ஒன்றுமில்லை.

படலையில் தாயிடம் கேட்டான்: "சித்தப்பா பால் கொண்டு வருவாரே?"

"நான் படலையிலை நிண்டு வாங்கிறன். கொப்பர் நித்திரை எண்டு சொல்லுறன். நீ போ."

மாங்குளத்தில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான் தாண்டி, ஒன்பதரைக்கு முள்ளியவளையில் இறங்கினான். வழியெல்லாம் அழுகை வருமென்று காத்திருந்தான். வரவில்லை. அதற்குப் பதிலாக, சவப்பெட்டி என்ன விலை, விறகு எத்தனை வண்டில், அதற்குக் கலியாணக் காசில் எதைக் குறைக்கலாம் என்று மனம் தானாகவே பிரித்துக்கொண்டிருந்தது. தகப்பன் செத்த அன்று மகன் யோசிக்கிற யோசனையா இது என்று தன்னையே வெறுத்தான். வெறுத்துக்கொண்டே, சிப்பியையும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தான்.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். பத்து இருபது பேர். பத்தர் உமிச்சட்டியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னராசா வெற்றிலை வாயோடு எழும்பி வந்தார்.

"வாரும் வாரும் மச்சான்! என்ன, தனிய வாறீர்? பொம்பிளை வீட்டிலை பஸ் காசுக்கும் தட்டுப்பாடோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"சும்மா இரு சின்னராசா," என்று மாப்பிள்ளையின் தாய் வந்தாள். "தம்பி, அப்பாவுக்கு இப்ப எப்பிடி?"

இதற்கு ஒரு பதிலை மாங்குளத்திலேயே ஆயத்தம் செய்து வைத்திருந்தான். "ஆறுதலாய்க் கிடக்கிறார் மாமி," என்றான். அது பொய்யில்லை என்று நினைத்தான். நினைத்த அடுத்த கணம், பொய்யைவிட மோசம் என்றும் தோன்றியது.

"ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோவன்."

"பொன்னுருக்கு முடியட்டும் மாமி."

"பாருங்கோவன், எவ்வளவு ஆசாரம்!" என்றார் சின்னராசா. "எங்கடை ஆள் விடிய எழும்பினதும் ஆறு தோசை திண்டவன்."

கதிர்காமநாதன் வேட்டி சால்வையோடு பாயில் இருந்தார். முப்பத்துநாலு வயது. முன்தலை ஏறிவிட்டது. சால்வைக்குள் கையை மறைத்துத் தில்லைநாதனிடமிருந்து பவுணை வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் வெற்றிலைத் தட்டில் வைத்தார். நல்லநேரம் பத்தேகாலிலிருந்து பதினொன்றுக்குள். பத்தர் ஊதுகுழலை எடுத்தார். ஈரவிறகோ ஈரஉமியோ, நெருப்புச் சரியாகப் பிடிக்கவில்லை. பத்தேகால் தாண்டிற்று. பத்தரையும் தாண்டிற்று.

அப்போதுதான் தந்திச் சேவகன் படலையில் சைக்கிளைச் சாத்தினான்.

அவனுடைய காக்கிச் சட்டையைக் கண்டதும் தில்லைநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு கிழமைக்கு முன்பு, தகப்பனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, தற்செயலாக ஏதும் நடந்தால் யார் யாருக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று விலாசங்களை ஒழுங்காக எழுதி வீரகத்திச் சித்தப்பாவிடம் கொடுத்தது அவனேதான். சம்பந்தியாகப் போகிறவர்கள் கோபிக்கக்கூடாது என்று முதலாவதாக எழுதியது இந்த விலாசம். பொன்னுருக்கு நாள் குறித்தபிறகு அதை வெட்டிவிட நினைக்கவேயில்லை. சித்தப்பா அறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். தபால்கந்தோர் திறந்ததும் அடித்திருக்கிறார்.

கதிர்காமநாதன் கையொப்பம் வைத்துத் தந்தியை வாங்கிப் பிரித்தார். இங்கிலீசில் இரண்டே சொல், கீழே வீரகத்தியின் பெயர். அந்த முற்றத்தில் இங்கிலீசு வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்: அவரும் தில்லைநாதனும். அவர் தில்லைநாதனைப் பார்த்தார்.

"என்ன மோனை? ஆர் அடிச்சது?" தாய் பாயடிக்கு ஓடிவந்தாள்.

"சங்கத்திலையிருந்தணை. கூப்பன் மா மூட்டை வந்து இறங்கீட்டுதாம்." தாளை நாலாக மடித்து மடியில் செருகினார். "பத்தர், நெருப்பு நல்லாய்ப் பிடிக்கட்டும். நான் கடைப் பூட்டுத் திறப்பை இவரிட்டைக் குடுத்திட்டு வாறன். போற வழியிலை குடுத்துவிடுவார்."

"பொன்னுருக்கிற நேரத்திலையும் மா மூட்டையோ!" என்று சின்னராசா தலையில் கைவைத்தார். "தாலியையும் கூப்பனுக்குத்தான் குடுப்பான் போலை!"

கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் போனதும் தில்லைநாதன் கைகூப்பினான். "அத்தான், பிழைதான். அக்காவுக்காக..."

"எத்தினை மணிக்கு?"

"விடிய அஞ்சுக்கு."

"அஞ்சுக்கு." அவர் மெதுவாகத் தலையாட்டினார். "நல்ல மனிசன். நான் அவற்றை வாக்கை நம்பித்தான் ஓமெண்டனான். மேட்டுக்காணியிலை ஒரு ஏக்கர் எண்டார். கவுண்மேந்துப் பெர்மிற் காணியைத் துண்டு போடேலாது எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இருந்தால் அவற்றை வாக்கு இருக்கும். தனக்குப் பிறகு ஆரெண்டு பெர்மிற்றிலை பேர் பதிஞ்சவரோ?"

பதியவில்லை. காணிக்கந்தோரில் இரண்டு தரம் கேட்டார்கள். உயிரோடு இருக்கும்போது பின்னுரித்தாளி பெயரை எழுதுவது சாவை வெற்றிலை வைத்து அழைக்கிறது மாதிரி என்று சிற்றம்பலத்தார் மறுத்துவிட்டார். குடியேற்றத் திட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான்.

"அப்ப சட்டப்படி கொம்மாவுக்குப் பிறகு முழுக்க ஆம்பிளைப் பிள்ளை உமக்கு," என்றார் கதிர்காமநாதன். "அஞ்சு ஏக்கரும். விமலத்துக்கு ஒண்டுமில்லை."

"நான் குடுப்பன் அத்தான். அப்பா சொன்னதை நான்..."

"என்னெண்டு குடுப்பீர்? ஒரு ஏக்கர் எண்டு எழுதச் சட்டம் விடாது. எழுதினால் முழுக்க, இல்லாட்டி ஒண்டுமில்லை." குரலில் கோபமே இல்லை, கடையில் மா இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். "எனக்கு வேண்டாம், அக்காவுக்குப் போகட்டும் எண்டு நீர் எழுதித் தாரும். நீரே வயலைச் செய்யும், எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. விளைச்சலிலை பாதி எங்களுக்கு."

"என்ரை வயலை நான் வாரத்துக்குச் செய்யிறதோ?"

"எனக்குப் பின்னாலை கரைசேர்க்க ரண்டு தங்கச்சிக் குமர் இருக்கு தம்பி. எனக்கும் யோசிக்க வேணும். நான் இப்ப அந்தத் தந்தியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினால் என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியும். எனக்கு அது விருப்பமில்லை. விமலத்தை எனக்குப் பிடிச்சிருக்கு. உண்மையாய்."

முற்றத்திலிருந்து பத்தரின் குரல் வந்தது: "மாப்பிளை! நெருப்புச் சரி. பன்ரண்டு நிமிசந்தான் கிடக்கு!"

கதிர்காமநாதன் சட்டைப்பையில் வைக்கிற பேனையை வேட்டி மடியில் வைத்திருந்தார். பில் புத்தகத் தாள் ஒன்றும் இருந்தது. கிணற்றுக்கட்டில் வைத்து அவரே எழுதினார். வேகமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். தில்லைநாதன் வாசித்தான். ஒரு பிழைகூட இல்லை. இந்தத் தாள் சட்டப்படி செல்லுமோ என்று அவனுக்குச் சந்தேகம்தான். ஆனால் செல்லாத தாளில் கையெழுத்து வைத்து அக்காவை ஏமாற்றினவனாக அவன் நாளைக்கு நிற்க முடியாது என்பது எழுதியவருக்கும் தெரியும். வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று யோசித்தான். மூன்று மாதமாக ஒவ்வொன்றையும் இல்லாமல் செய்து பழகிய மூளைக்கு, இன்னும் மிச்சமிருந்தது தான் மட்டும்தான் என்று தெரிந்தது. கையெழுத்து வைத்தான்.

பவுண் உருகுவதற்கு நாலைந்து நிமிசம்தான் எடுத்தது. ஓரம் முதலில் மங்கிற்று. பிறகு காசிலிருந்த ராசாவின் தலை அழிந்தது. பிறகு சிவந்து ஒரு துளியாகத் திரண்டது. தேங்காய் உடைத்தார்கள். பெண்கள் தட்டைச் சுற்றி வந்து பார்த்து, வடிவான உருக்கு, குறையில்லாத உருக்கு என்றார்கள். மாமி தில்லைநாதனின் வாயில் கற்கண்டுத் துண்டொன்றை வைத்தாள். அவன் அதை விழுங்கினான்.

வெளிக்கிடும்போது கதிர்காமநாதன் படலைவரை வந்தார். "மத்தியானம் எனக்கு இன்னொரு தந்தி வந்ததாய் அம்மாவுக்குச் சொல்லுறன். செத்தவீட்டுக்கு எல்லாரும் வருவம். பதினொண்டுக்குப் பிறகுதான் போனவர். விளங்குதோ?" பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "பஸ்சுக்குக் காசு இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு அத்தான்."

கிளிநொச்சியில் இறங்கிச் சைக்கிளில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே ஒப்பாரி கேட்டது. கிடுகுக் கட்டுகளை அவிழ்த்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலியாணத்துக்கு என்று இரவல் வாங்கியவை. வீரகத்தி ஓடிவந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, அண்ணர் போட்டார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நானாய்ப் போய்த்தான்... நீ எழுதித் தந்த ஒழுங்கிலை எல்லாருக்கும் தந்தி அடிச்சன். பிறகுதான் கொம்மா தலையிலை அடிச்சுக்கொண்டா. பிழை விட்டிட்டனோடா?"

"இல்லைச் சித்தப்பா. தந்தி பிந்தித்தான் வந்தது."

அவருடைய மூச்சு ஆறுதலாக வெளியே வந்தது. அவனுடைய தோளைப் பிடித்தார். "இனி நீதான் காணிக்காரன். அண்ணர் காடு வெட்டின காணி. பாத்துக்கொள்."

உள்ளே கமலாசனி சுவரோடு சாய்ந்து இருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் மட்டும் வறண்ட கண்ணோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான்.

"உருக்கியாச்சு அம்மா."

"நேரத்துக்கோ?"

"நேரத்துக்கு."

"ஒண்டும் கேக்கேல்லையே?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அவள் அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்று முதன்முதலாகக் கத்தினாள். பெண்கள் வந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள். அவன் பின்வாங்கி அறைக்குள் போனான். விமலேஸ்வரி அதே காலடியில் இருந்தாள். அவளுடைய குரல் போய்விட்டிருந்தது. பக்கத்தில் அவன் இருந்ததும், காற்றோடு காற்றாகக் கேட்டாள்:

"அவருக்குத் தெரியுமோ?"

அவன் யோசித்தான். "தெரியும் அக்கா. தந்தி அவற்றை கையிலைதான் கிடைச்சது. மாமிக்குக் காட்டேல்லை. மடிச்சு மடியிலை வைச்சார்."

அவள் கண்ணை மூடினாள். பிறகு தகப்பனின் காலைத் தொட்டு, அவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நல்லவராய்த்தான் இருப்பார் போலை என்னப்பா."

"நல்லவர் அக்கா," என்றான் தில்லைநாதன்.

வெளியிலிருந்து வீரகத்தி கூப்பிட்டார். கொள்ளி வைக்கிறவன் முழுகவேண்டுமாம். பொழுது சாயமுதல் எடுக்க வேண்டுமாம். அவன் எழும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.