படுத்தால்தான் வலி

மெத்தையில் விழுவதுதான் அவனுக்கு உத்தியோகம்.

மெத்தைக் கடைக்குள் வாடிக்கையாளர் வந்ததும் இவன் செருப்பைக் கழற்றுவான். மல்லாக்கப் பொத்தென்று விழுவான். மறுநொடி கையைக்கூட ஊன்றாமல் துள்ளி எழுந்து நிற்பான். "பாத்தீங்களா சார், மெத்தையே தூக்கி விட்டுடும்!" கடையில் எல்லோருக்கும் அவன் ஸ்பிரிங். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்த ஸ்பிரிங் சில மாதங்களாகவே மக்கர் செய்துகொண்டிருந்தது.

விடிந்தால் முதுகு பலகை. அடி இடுப்பில், ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம், உள்ளே யாரோ ஆப்பு அடித்து வைத்த மாதிரி வலி. வாஷ்பேசினில் குனிய முடியாது. சாக்ஸை மனைவிதான் மாட்டிவிடுவாள். வேடிக்கை என்னவென்றால், மத்தியானத்துக்குள் ஒன்றுமே நடக்காதது போல வலி கழன்றுகொள்ளும். சாயங்காலம் லாரியிலிருந்து மெத்தை இறக்கக்கூடக் கை கொடுப்பான்.

"நாள் பூரா ஸ்கூல் வேன் ஓட்டுற என் முதுகு கல்லாட்டம் இருக்கு. படுத்துச் சம்பாதிக்கிற உங்களுக்கு வலியா?" என்பாள் மனைவி. "முதலாளிகிட்ட சொல்லிட்டு லீவு போட்டு டாக்டரைப் பாருங்களேன்."

"சொன்னா அதோட சீட்டு கிழிஞ்சுது. எங்க கடையில கழுத்துப்பட்டை போட்டுக்கிட்டு வேலைக்கு வந்தவனை அன்னிக்கு சாயங்காலமே அனுப்பிட்டார், தெரியும்ல? மெத்தைக் கடைக்காரனுக்கே முதுகுவலின்னா எவன் வாங்குவான்?"

அதனால் திருட்டுத்தனமாகத் தானே வைத்தியம் பார்த்தான். முதல் குற்றவாளி கட்டில் என்று முடிவு செய்து தரையில் படுத்தான். வலி கூடியது. ஸ்கூட்டர் மேல் சந்தேகப்பட்டு பஸ்ஸில் போனான். பிரயோஜனமில்லை. தூக்கினது, குனிந்தது, தொப்பை, வயசு என்று எல்லோர் மேலும் வழக்குப் போட்டான். முப்பத்திரண்டில் என்ன பெரிய வயசு? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அசையாமல் படுத்து ஓய்வெடுத்தான். திங்கட்கிழமை காலையில் அவனைக் கட்டிலிலிருந்து கிளப்ப மனைவியோடு மச்சினனும் வர வேண்டியதாயிற்று.

கூடவே இன்னொரு கூத்து. ஒரு கண் ரத்தச் சிவப்பாகி, வெளிச்சம் பட்டாலே குத்தியது.

"இந்தக் கண்ணோட கஸ்டமர் முன்னாடி நிக்காதடா, பயந்து ஓடிடுவாங்க," என்றார் முதலாளி. "போய்க் காட்டிட்டு வா."

கண் டாக்டரம்மா கருவியில் அவன் தாடையைப் பொருத்தச் சொல்லி, நெடுநேரம் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"காலையில எழுந்ததும் முதுகு விறைச்சுக்குதா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே நாற்காலியில் இருந்த மனைவியைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தான். "அவ சொல்லிட்டாளா மேடம்?"

"உங்க கண்ணு சொல்லுது. நடமாடினா வலி குறையுதா? ஓய்வெடுத்தா கூடுதா?"

"ஆமா மேடம்!"

"சுளுக்கு, தசைப்பிடிப்பு மாதிரியான வலி பெரும்பாலும் அசைஞ்சா கூடும், ஓய்வுல குறையும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. முதுகெலும்பும் இடுப்பும் சேர்ற மூட்டுல அழற்சி இருக்கலாம். உடம்போட காவல்காரனே வீட்டு ஆளை அடிக்கிற மாதிரி ஒரு கோளாறு. அதே கோளாறுல சிலருக்குக் கண்ணும் இப்படிச் சிவக்கும். இப்பவே நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். மூட்டு டாக்டரைப் பாருங்க, ரத்தமும் ஸ்கேனும் எடுப்பார். விட்டா எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிமிரவே முடியாமப் போகலாம். மருந்து இருக்கு, பயப்படாதீங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்தை மட்டும் தவறாமப் போடுங்க."

வீட்டு வாசலில் மனைவி சொன்னாள். "நிமிர முடியாமப் போறது பெருசா, வேலை போறது பெருசா? நீங்களே முடிவு பண்ணுங்க."

சில நாளில் கண் வெளுத்தது. வியாழக்கிழமைக்கு மூட்டு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று அவன் தீர்மானித்திருந்தான்.

புதன்கிழமை, கடை திறந்த கையோடு ஒரு ஹோட்டல் மேலாளர் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மாடி மாடியாக மெத்தை மாற்றப் போகிறார்களாம். முதலாளி முகம் நியான் விளக்கு.

"டேய் ஸ்பிரிங், அந்த உசத்தி மெத்தையைக் காட்டு!"

காலை நேரம். பலகை இன்னும் இளகவில்லை. வேறு வழியில்லாமல் விழுந்தான்.

எழவில்லை.

அடி இடுப்பில் ஆப்பு இறங்கிவிட்டது. கூரை மின்விசிறியைப் பார்த்துப் புன்னகைத்தான். "எழுந்திருக்கவே மனசு வரல மேடம், அவ்வளவு சுகம்."

மேலாளர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது. சிரிப்பு நின்றது.

"என்னடா, எழுந்திரு."

இன்னொரு ஜோக் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினான். "முடியல முதலாளி. காலையில எனக்கு முதுகு விறைச்சுக்கும். ரொம்ப நாளா இருக்கு. நடந்தா இளகிடும். மெத்தை மேல தப்பு இல்ல மேடம், வியாதி என்னோடது. எந்த மெத்தையும் இதைக் குணமாக்காது."

கடையாள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கப் போனான். "இழுக்காதப்பா!" என்று கத்தியபடி அவன் மெல்ல ஒருக்களித்தான். காலைக் கீழே தொங்கவிட்டான். முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மேலாளர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உசத்தி இருக்கட்டும். கொஞ்சம் கெட்டியா ஒண்ணு, மெத்துனு ஒண்ணு, ரெண்டு அனுப்புங்க. போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்." போய்விட்டார். ஆர்டர் கிடைத்ததா, கைநழுவியதா, யாருக்கும் புரியவில்லை.

முதலாளி எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏன்டா மறச்ச?"

"கழுத்துப்பட்டைக்காரனை அனுப்பிட்டீங்களே."

"அட மடையா! கழுத்து வலிக்காகவா அனுப்பினேன்? 'இந்தக் கடைத் தலையணைதான் காரணம்'னு வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தான். நான் வேற என்ன செய்வேன்?"

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இத்தனை மாதம் பல்லைக் கடித்தது இதற்கா?

"நாளைக்கு மூட்டு டாக்டரைப் பாக்கணும் முதலாளி. அப்போ என் வேலை?"

"இருக்கு. ஆனா காலையில கடைக்குள்ள உன் சர்க்கஸ் வேணாம். வீடு வீடாப் போய்க் கட்டில் அளவெடுத்துட்டு வா. நடக்கச் சொன்னா டாக்டர் திட்டவா போறார்? உடம்பு இளகினப்புறம் இங்க வா. நாளைக்கு வரவே வராத, ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர்கிட்டயாவது எதையும் மறைக்காமச் சொல்லு."

அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். முதல் தெருவில் நொண்டினான். இரண்டாவது தெருவில் மனைவிக்குப் போன் போட்டான். "சொல்லிட்டேன்," என்றான்.

மறுமுனையில் வேன் ஓரம் கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. "என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னார். நடந்துக்கிட்டிருக்கேன்."