பத்து நொடிக் கணக்கு

அலுவலகத்தில் அவனை ‘அறுபது’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதை வைத்து அல்ல, வயது நாற்பத்தொன்று. அவனுடைய பிரவுசரில் எந்நேரமும் அறுபது பக்கங்கள் திறந்து கிடக்கும். ஒன்றைத் தேடிப் போவான், வழியில் இன்னொன்று கண்ணில் படும், அங்கிருந்து எப்போதோ கவிழ்ந்த கப்பல் ஒன்றின் கதைக்குப் போய் முழுசாக மூழ்குவான். கரையேறும்போது எதற்குப் புறப்பட்டோம் என்பது மறந்திருக்கும்.

ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகள் இணையத்தில் முன்பதிவு செய்யும் படிவத்தை அவன் எழுதித் தரவேண்டியிருந்தது. எழுத உட்கார்ந்ததும் ஞானம் பிறந்தது. முதலில் கவனம் சிதறாமலிருக்க ஒரு கருவி செய்துவிட்டால், படிவம் ஒரே நாளில் முடிந்துவிடாதா? நான்கு நாள் மெனக்கெட்டுக் கருவியைச் செய்தான். வேலைக்கு டிமிக்கி கொடுக்க இதுவரை அவன் கண்டுபிடித்ததிலேயே கடினமான வேலை அதுதான்.

பிரவுசரில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொள்ளும் அந்தக் கருவிக்குக் ‘கடிவாளம்’ என்று பெயர் வைத்தான். அதற்கு அவன் கற்றுக்கொடுத்த கணக்கு எளிமையானது. எந்தப் பக்கத்தையாவது திறந்து பத்து நொடிக்குள் மூடினால், ஒரே நாளில் ஐந்து முறை அப்படிச் செய்தால், அது வீண் பக்கம். உடனே பூட்டிவிடும். ஆனால் ‘பூட்டப்பட்டது’ என்று சிவப்புப் பலகை காட்டாது. வேண்டாம் என்றால்தான் அவன் கைக்கு அரிப்பு வரும் என்று அவனுக்கே தெரியும். அதனால் அந்தப் பக்கம் கடைசியாக எப்படி இருந்ததோ, அதன் அசையாத படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். பழையதையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் நல்ல பிள்ளையாக வேலைக்குத் திரும்புவான் என்பது திட்டம்.

பூட்டு மாலை ஐந்து மணிக்குத் தானாகத் திறக்கும். முன்னதாகத் திறக்கவோ, கருவியையே கழற்றவோ வேண்டுமென்றால் ஓர் எண் வேண்டும். அந்த எண் அவன் கண்ணில் படாமல் நேராக அக்காவின் போனுக்குப் போகும்படி செய்திருந்தான். அவனுக்குத் தெரிந்தவர்களில் மனம் இளகாத ஒரே ஆள் அக்காதான்.

“நான் என்ன சொல்லிக் கேட்டாலும் அஞ்சு மணிக்கு முன்னாடி குடுக்காதே,” என்று திங்கட்கிழமை போனில் சொல்லிவைத்தான். மறுநாள் அதே போனைப் பார்த்துக்கொண்டே மாடிப்படி இறங்கியதில் போன் மட்டும் அவனுக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தது. இப்போது பழுதுக்கடையில் கிடக்கிறது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கணினியில் அக்காவின் செய்தி வந்தது.

‘இன்னிக்கு அஞ்சு மணிக்கு வீட்டுக்காரர் வர்றார். இன்னும் ஒரு வருஷம் இருக்கேனா, காலி பண்றேனான்னு இன்னிக்கே சொல்லணுமாம். மூணு மாடி ஏற முட்டி ஒத்துக்கலடா. உன் வீட்டுல வந்து இருந்துக்கவா? யோசிச்சுச் சொல்லு.’

அக்கா பள்ளிச் சீருடைகள் தைப்பவள். மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அவள் தம்பியிடம் கேட்டது இது ஒன்றுதான். ‘வா’ என்று எழுத ஒரே ஓர் எழுத்து போதும். ஆனால் வீட்டில் உபரியாக இருப்பது எட்டுக்குப் பத்து அறை ஒன்று. அதில் இருப்பது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவனுடைய மேசை. மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அது அங்கே சட்டம்.

செய்தியைத் திறந்தான். பார்த்தான். மூடினான். படிவத்தில் ‘நோயாளியின் பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டான். மறுபடி திறந்தான், பார்த்தான், மூடினான். நடுநடுவே அலுவலகத் தலைவரின் வேலைப்பட்டியலையும் உலகச் செய்திப் பக்கத்தையும் அதே மாதிரி எட்டிப் பார்த்து மூடினான்.

பதினொரு மணிக்குத் தலைவரின் வேலைப்பட்டியலைப் பார்த்தான். புதிதாக ஒன்றும் இல்லை. ‘இன்னிக்கு மனுஷன் நல்ல மூடுல இருக்கார்’ என்று நினைத்துக்கொண்டான். செய்திகளைப் பார்த்தான். உலகத்திலும் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. கருவி அற்புதமாக வேலை செய்கிறது என்று பெருமையாக இருந்தது.

ஒரு மணிக்குத்தான் ஏதோ தப்பு என்று பட்டது. வானமே இடிந்து விழுந்தாலும் ஒரு மணிக்கு அக்காவிடமிருந்து ‘சாப்டியா?’ வந்துவிடும். மாமாவைக் கொண்டுபோன அன்றைக்கும் வந்தது. இன்று வரவில்லை. காலைச் செய்தி மட்டும் அப்படியே நின்றது.

கோபமா? அக்காவுக்குக் கோபம் வந்தால் இரண்டு பங்கு பேசுவாள், மௌனமாக இருக்கமாட்டாள். உடம்பு சரியில்லையா? அதற்கும் இரண்டு பங்கு பேசுவாள். தன் பதிலுக்காகக் காத்திருக்கிறாளோ? அப்படியென்றால் அவள் மௌனத்துக்குக் காரணம் இவன் மௌனம். இவன் மௌனத்துக்குக் காரணம் அறை. அறைக்குக் காரணம் மேசை. மேசையைப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஒருவழியாகத் துணிந்து ‘வா’ என்று தட்டினான். எழுத்து விழவில்லை. ஓங்கித் தட்டினான். கணினியை அணைத்துப் போட்டான். இணைய வயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, திரும்பச் செருகினான். பதினைந்து வருஷமாக மென்பொருள் தொழிலில் இருப்பவன் செய்யக்கூடியது அவ்வளவுதான். பக்கம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நாலரைக்கு மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

“உங்கக்கா இப்பதான் எனக்குப் போன் பண்ணாங்க. காலைலேர்ந்து உங்களுக்குப் பதினோரு மெசேஜ் போட்டாங்களாம். நீங்க கோவமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க. வீட்டைப் பத்தி ஏதோ கேட்டாங்களாமே, எந்த வீட்டை?”

“பதினோரு மெசேஜா? ஒண்ணுதானே வந்துச்சு!”

திரையைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. உலகச் செய்திப் பக்கத்தின் மூலையில் மணி காலை ஒன்பது இருபது என்று காட்டிக்கொண்டிருந்தது. உலகம் சும்மா இருக்கவில்லை. அவனுக்குத்தான் ஒன்பது இருபதோடு நின்றுபோயிருந்தது. அக்காவின் பக்கமும் அப்படியே.

நடந்ததை மனைவியிடம் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே பாதி புரியவில்லை. அவள் முழுவதும் கேட்டாள்.

“இந்த ரூமுக்கா இவ்வளவு யோசனை? உங்களைத் தூக்கி ஹால்ல போட்டா தீந்துது. இந்தாங்க போன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க.”

உடனே ‘வா’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா என்னென்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் எந்த முகத்தோடு பேசுவது? முதலில் படித்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று அவன் கோழைப் புத்தி யோசனை சொன்னது.

“அக்கா, நான்தான்.”

“தெரியுது. சாப்பிடாதவன் குரல்.”

“சாப்ட்டேன்க்கா. அந்தப் பூட்டு நம்பர் உனக்கு வந்துச்சுல்ல, அதைக் கொஞ்சம் சொல்லேன்.”

“மணி என்ன?”

“நாலு முப்பத்தெட்டு.”

“அஞ்சு ஆகட்டும்.”

“அவசரம்க்கா.”

“முதல்ல அவசரம்னு சொல்லுவேன், அப்புறம் கெஞ்சுவேன், அப்புறம் எரிஞ்சு விழுவேன், கடைசில அழுவேன்னு நீதானே சொன்ன. எழுதியே வச்சிருக்கேன். இப்ப முதல் வரில இருக்க.”

“ஐயோ, தயவுசெஞ்சு சொல்லுக்கா!”

“ரெண்டாவது வரி.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணி நாலு நாற்பது. ஐந்துக்கு வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

“அக்கா, பூட்டுக்குள்ள மாட்டியிருக்கறதே நீதான்.”

“நானா?”

“ஒரு பக்கத்தைத் திறந்து பத்து நொடிக்குள்ள மூடினா, அஞ்சு தடவை அப்படிச் செஞ்சா, அது தேவையில்லாததுன்னு இது நினைச்சுக்கும். நான் அப்படித்தான் செஞ்சு வச்சேன்.”

போனில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

“அப்ப காலைலேர்ந்து பத்து நொடி சேந்தாப்ல என்னைப் பாக்கல நீ.”

கடிவாளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. இவ்வளவு நேரமும் கண்ணில் படாதது.

“இருபத்தேழு தடவை பாத்திருக்கேன்க்கா.”

“பாத்துட்டு?”

“மூடிட்டேன். என்ன எழுதறதுன்னு தெரியல.”

 “எழுதிக்கோ,” என்று அக்கா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஐந்து மணிக்கு இன்னும் பதினாறு நிமிஷம் இருந்தது.

பூட்டு திறந்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தலைவரிடமிருந்து, ‘படிவம் என்ன ஆச்சு?’ என்று ஒன்பது முறை. பிறகு அக்கா.

‘வேலையா இருப்ப. மெதுவாச் சொல்லு.’

‘சும்மா கேட்டேன்டா. மனசுல வச்சுக்காதே.’

‘இங்கேயே கீழ்த்தளத்துல ஒரு வீடு காலியாகுதாம். அங்க போய்க்கறேன்.’

‘சாப்டியா?’

‘கோவமா?’

‘சாப்டியான்னாவது சொல்லுடா.’

“அக்கா, கீழ்த்தளத்துல நெஜமாவே வீடு காலியாகுதா?”

“ஆகலாம்.”

“ஆகலாம்னா?”

“அங்க இருக்கறவருக்கு வயசு தொண்ணூத்திமூணு.”

“நீ இங்க வந்துடுக்கா.”

“உம்பொண்டாட்டியைக் கேட்டியா?”

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அண்ணி, என்னைக் கடைசியாத்தான் கேட்டாரு. அதுக்குத் தனியா வச்சிருக்கேன். நீங்க கிளம்பி வாங்க. ஜன்னல் ஓரத்துல நல்ல வெளிச்சம், மிஷினை அங்க போட்டுக்கலாம்.”

“அவன் எங்க உக்காந்து வேலை பாப்பான்?”

அது அவனுக்கும் தெரியவில்லை. ஹாலில் டிவி, வாசல் மணி, சமையலறைச் சத்தம், இனிமேல் ஒரு தையல் மிஷின். இதற்கெல்லாம் எந்தக் கடிவாளம் செய்வது?

அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா போனை அணைக்காமலே வைத்துவிட்டுப் போனாள். மிஷின் மேல் வைத்திருப்பாள் போலிருக்கிறது, சத்தம் தெளிவாகக் கேட்டது.

“மாசக் கடைசில காலி பண்றேங்க. தம்பி வீட்டுக்குப் போறேன்.”

“அப்படியா, சந்தோஷம்மா. தம்பி என்ன வேலை பாக்கறாரு?”

அக்கா யோசித்தாள். தம்பியின் வேலை என்னவென்று பதினைந்து வருஷமாக அவளுக்குப் புரிந்ததில்லை.

“பூட்டு செய்யறான்,” என்றாள். “சாவி எங்கிட்டதான் இருக்கு.”