குலேந்திரன் அண்ணையை யார் வெளியே எடுப்பது?

நேசமலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு தடவை எழும்பி ஆறு தடவை இருந்துவிட்டாள். ஜூன் மாதக் குளிர்காற்று டூங்கபி மைதானத்தில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சிட்னியில் வருடத்துக்கு இரண்டு தடவை உதைபந்தாடுவார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் ஆடலாம். அன்று இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது, இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

"மாத்துங்கோவன்! அந்த மனிசனை மாத்துங்கோவன்!" என்று கூடாரமே கத்தியது.

அந்த மனிசன் குலேந்திரன் அண்ணை. வயது ஐம்பத்தாறு. பின்வரிசையில் நின்றார். நின்றார் என்பதுதான் சரி, ஓடினார் என்று எழுதினால் பொய். அவரை மாற்றவேண்டிய கோச் ஸ்ரீகாந்தன், நேசமலரின் கணவன், கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு காது கேளாதவன்போல் நின்றான்.

ஒன்பது வருடமாக இதே கூத்துத்தான். உலகத்தில் மற்றக் கோச்மார் ஆட்டத்தைப் பார்த்து ஆளைப் போடுவார்கள். ஸ்ரீகாந்தன் உயர்தரப் பரீட்சை எடுத்த ஆண்டைப் பார்த்துப் போடுவான். முந்தி எடுத்தவர் முந்தி இறங்குவார். கடைசியாக எடுத்தவன் மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருப்பான். அப்படி வாங்கில் இருந்தவன் யதுஷன். முப்பத்தேழு வயது, காலில் பந்து பட்டால் யாராலும் பறிக்க முடியாது. அவனுக்குக் கடைசி ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அதுவும் யாராவது அண்ணைக்குத் தசை பிடித்தால். குலேந்திரன் அண்ணையோ கல்லூரி அணியின் கப்டனாக இருந்தவர். அந்தக் காலத்தில் அவருடைய சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்த சின்னப் பெடியன்தான் ஸ்ரீகாந்தன். அவரைப் பார்த்து "வெளியில வாங்கோ" என்று சொல்ல அவனுக்கு இன்றைக்கும் நா எழாது.

எதிரணியின் மெலிந்த ஒருவன் பந்தோடு வந்தான். குலேந்திரன் அண்ணை ஒரு காலை நீட்டினார். அவன் சுற்றிக்கொண்டு போய் அடித்தான். இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

"கோச்சை மாத்தினாத்தான் இனி இந்தக் கல்லூரிக்குக் கிண்ணம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோச்சின் மனைவி முன்னாலிருக்கிறாள் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. நேசமலருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் சொன்னது சரி. பக்கத்தில் யதுஷனின் மனைவி கஜந்தி மட்டும் ஒன்றும் பேசாமல் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியை மூடினாள். அந்தப் பேசாமைதான் நேசமலரை அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். வாயெடுத்தாள். "குளிருதோ? ஹீற்றர் போடட்டே?" என்று ஸ்ரீகாந்தன் கேட்டான். முகம் அப்படி வாடிக்கிடந்தது. "ஓம், போடுங்கோ" என்றதோடு விட்டுவிட்டாள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் விட்டுவிடுகிறாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம், பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டம். கோச் மாறவேண்டுமா என்று இரகசிய வாக்கெடுப்பு. ஓம் அல்லது இல்லை என்று துண்டில் எழுதி, மடித்து, பிஸ்கற் ரின்னுக்குள் போடவேண்டும். குடும்பத்துக்கு இரண்டு வாக்கு. ஸ்ரீகாந்தன் போட்டுவிட்டு வந்து பேனையை அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு சிரிப்பும் சிரித்தான். நேசமலர் மேசையோரம் போய், கையால் மறைத்துக்கொண்டு, ஓம் என்று எழுதினாள்.

நாற்பத்தொரு துண்டு. ஓம் இருபத்தொன்று, இல்லை இருபது.

கோச் வேலையை வேறு யாரும் தொடமாட்டோம் என்றார்கள். கடைசியில் யதுஷனின் தலையில் கட்டினார்கள். அவன் மாட்டேன் மாட்டேன் என்று நெளிந்தான். ஸ்ரீகாந்தன் எல்லோருக்கும் முன்னால் கை கொடுத்து வாழ்த்திவிட்டு நேரே காருக்கு வந்தான்.

மெரிலேண்ட்ஸில் வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அவன் இறங்கவில்லை. விரல் மடித்து எண்ணினான்.

"எனக்கு நிச்சயமா இருபத்திரண்டு இருந்தது, மலர். ஒவ்வொருத்தராக் கேட்டு வைச்சனான். ரெண்டு குறையுது. அதில ஒண்டு யதுஷன். மற்றது கஜந்தி."

"அவன் செய்யமாட்டான்."

"நீர் சும்மா இரும். படகில வந்து இறங்கினவனை எங்கட பின் அறையில எட்டு மாசம் வைச்சிருந்தம். பெயின்ற் வேலை எடுத்துக் குடுத்தது நான். இப்ப என்ர கதிரையில தான் இருக்கிறார்."

போனை எடுத்துத் தட்டத் தொடங்கினான். தட்டத் தட்ட வாசித்தான். முதல் வரியிலேயே நன்றிகெட்டவன் என்று வந்துவிட்டது. இது போனால் அதோடு முடிந்தது என்று நேசமலருக்குத் தெரியும். யதுஷன் திருப்பி ஒரு சொல் எழுதமாட்டான். இந்த வாசலை மிதிக்கவும் மாட்டான்.

"அனுப்பாதையுங்கோ. அதில ஒண்டு நான்."

ஸ்ரீகாந்தனின் விரல் அப்படியே நின்றது. முன்வீட்டுக்காரன் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வீதியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஏன் எனக்கு நேர சொல்லேல்லை?"

"நீங்கள் குலேந்திரன் அண்ணைக்கு நேர சொன்னனீங்களோ?"

அவன் அவளைப் பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தாள். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதியதை அழித்தான். "அப்ப ரெண்டில ஒண்டு நீர். மற்றது அவன்தான்" என்று சொல்லி இறங்கிப் போனான்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சு அளவாகத்தான் நடந்தது. தேத்தண்ணி வேணுமோ, ஓம். பால் முடிஞ்சுதோ, ஓம். யதுஷன் ஒரு சனிக்கிழமை அணிப் பட்டியலைக் காட்டி யோசனை கேட்க வந்தான். ஸ்ரீகாந்தன் கராஜுக்குள் புகுந்து, இல்லாத ஆணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். யதுஷன் முற்றத்தில் கால் மணி நேரம் நின்றான். "பரவாயில்லை அக்கா, போட்டு வாறன்" என்று அவன் போனபோது நேசமலருக்கு அழுகை வந்தது. தன்னுடைய துண்டுதானே இவ்வளவுக்கும் காரணம்.

செப்ரெம்பரில் அடுத்த கிண்ணம். அதே மைதானம், அதே கூடாரம். இந்த முறை ஸ்ரீகாந்தன் ரசிகனாக வந்து நேசமலருக்குப் பக்கத்தில் இருந்தான். இருந்தானா, எங்கே! ஐந்து நிமிடத்திலேயே காலில் சுடுதண்ணி ஊற்றியதுபோல எழும்பிவிட்டான். யதுஷன் கோட்டோரம் நின்றான். கோச் என்றபடியால் தன் பெயரை மாற்று ஆட்களின் பட்டியலில் மட்டும் போட்டிருந்தான். குலேந்திரன் அண்ணை வழக்கம்போல பின்வரிசையில் நின்றார்.

பூச்சியத்துக்குப் பூச்சியம். பன்னிரண்டு நிமிடம் மிச்சம். குலேந்திரன் அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"மாத்து யது! மாத்தடா!" என்று கூடாரம் கத்தியது. யதுஷன் அண்ணையைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான்.

"உவனும் மாத்தான்" என்று ஸ்ரீகாந்தன் பல்லைக் கடித்தான். "மாத்தோணும். இப்ப மாத்தாட்டி கோல் விழும்."

"போய்ச் சொல்லுங்கோவன்."

"நான் இப்ப ஆர், சொல்ல?"

நேசமலர் எழும்பினாள். தான் இருந்த கதிரையை மடக்கிக் கையில் தூக்கினாள். விறுவிறு என்று மைதானத்தின் ஓரத்துக்கு நடந்து போய், கோட்டுக்கு வெளியே அதை விரித்து வைத்தாள். பந்து வெளியே போயிருந்த நேரம்.

"அண்ணை!" என்று கூப்பிட்டாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. "ஆடினது காணும் அண்ணை. வந்து இருங்கோ."

யதுஷனின் வாய் திறந்தபடி நின்றது. கப்டனாக இருந்தவரை, அதுவும் ஒரு பொம்பிளை, எல்லோருக்கும் முன்னால். குலேந்திரன் அண்ணை நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், நொண்டி நொண்டி வந்தார். கதிரையில் விழுந்து காலை நீட்டினார்.

"நல்லா இரு பிள்ளை" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "மூண்டு வருசமா இந்த முழங்கால் போச்சு. ஆராவது கூப்பிடுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நீங்களே வந்திருக்கலாமே அண்ணை?"

"கப்டன் தானாக் கழண்டு போனான் எண்டெல்லே சொல்லுவாங்கள். அதுதான் கூட்டத்தில நானும் ஓம் எண்டு எழுதிப் போட்டனான். உன்ர சிறிக்கு ஏலாது, பாவம். புதுசா வாறவன் எண்டாலும் என்னை எடுப்பான் எண்டு நினைச்சன். இவனும் எடுக்கேல்லை." சொல்லிவிட்டு அவர் நேசமலருக்குப் பின்னால் பார்த்தார். முகம் மாறியது.

நேசமலர் திரும்பினாள். தண்ணீர்ப் போத்தலோடு ஸ்ரீகாந்தன் நின்றான். எல்லாம் கேட்டிருந்தான். போத்தலை அண்ணையின் மடியில் வைத்தான். கோட்டோரமாகவே நடந்து யதுஷனிடம் போனான். மத்தியஸ்தர் மாற்று ஆள் எங்கே என்று விசிலை ஊதிக்கொண்டிருந்தார்.

"யது."

இரண்டு மாதத்தில் முதல் தடவை. யதுஷன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ஜக்கெற்றைக் கழட்டு. நீ இறங்கு."

"நானோ அண்ணை? அப்ப இஞ்ச..."

"இஞ்ச நான் நிக்கிறன். போடா." கழற்றிய ஜக்கெற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, யதுஷன் ஓடத் தொடங்கியதும், "நான்தான் பிழை" என்று பின்னாலிருந்து சொன்னான். யதுஷனுக்கு அது கேட்டதோ தெரியாது. நேசமலருக்குக் கேட்டது.

அவளுடைய கதிரையில் குலேந்திரன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். மிச்ச ஆட்டத்தையும் நேசமலர் நின்றபடியே பார்த்தாள்.