மலாமா கொண்டுவந்த பெயர்

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு யாருடைய குடும்பப் பெயர் என்று மணமக்கள் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கிரேக்கச் சட்டம் அப்படி. தெக்லா தன் பெயர்தான் என்று உறுதியாக இருந்தாள். ஹாட்ஸிகோமிஸ் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை ஸ்த்ராதிஸ் சம்மதித்துவிட்டான். அவனுடைய அப்பா இக்னாதிஸோ கோயிலில் பாதிரியாரின் மேஜைமுன் மகனை முந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் கையெழுத்திட முடியாதபடி பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டார்.

"வெறும் கோமிஸா இருந்த உங்க முப்பாட்டன், ஜெருசலேம் போய் யோர்தான்ல முழுகி ஹாட்ஸி ஆனாராமே! படகைப் பாத்தாலே வாந்தி எடுப்பாராம் மனுஷன். இந்த லெஸ்வோஸ் தீவைத் தாண்டாதவரு யோர்தானுக்கா போனாரு? போகாத யாத்திரையோட பேரை என் பேரப்பிள்ளைங்க தலையில கட்டப் பாக்கறியாம்மா?"

"போனதுக்குச் சாட்சி காட்டினா, மாமா?"

"காட்டு. இந்தப் பேனாவை நானே அவன் கையில குடுக்கறேன்."

யாத்திரை போய்வந்தவர்கள் ஜெருசலேமில் விற்கும் பெரிய ஓவியத் திரை ஒன்றை வாங்கிவந்து, பின்னால் தங்கள் பெயரை எழுதிக் கோயிலுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். வடக்குச் சுவரில் ஐந்து தொங்கின. தெக்லா ஏணி போட்டு ஏறினாள். முதல் இரண்டின் பின்னால் வேறு வீட்டுப் பெயர்கள். மூன்றாவதைத் திருப்பித் தூசியை ஊதியவள், எழுதியிருந்ததை மனதுக்குள் படித்தாள். எழுத்தை விரலால் துடைத்து மறுபடி பார்த்தாள். பிறகு உரக்கவே படித்தாள்.

"'மலாமா, கோமிஸின் மனைவி. யோர்தானில் முழுகினேன். 1846.'"

இக்னாதிஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சாமி! அந்தாளு போகவே இல்ல!"

"போகலதான் மாமா," என்று தெக்லா ஏணியிலிருந்து இறங்கினாள். "அவரு ஊர்ல ஆடு மேய்ச்சாரு. பொண்டாட்டி போய்ட்டு வந்தா. அவ கொண்டுவந்த பேரைத்தான் புருஷனும் போட்டுக்கிட்டாரு, பிள்ளைங்களும் போட்டுக்கிச்சுங்க. எங்க வீட்டுக்கு இது புதுசா என்ன?"

பாதிரியார் தாடிக்குள் சிரித்தார். இக்னாதிஸ் மீசையைத் தடவினார்.

"மொதப் பையனுக்கு என் பேரு வைக்கணும். அந்த வழக்கத்துலயாவது கை வைக்காதே."

"இக்னாதிஸ் ஹாட்ஸிகோமிஸ். சொல்லிப் பாருங்க மாமா."

வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி மகனிடம் நீட்டினார்.