பதினோராவது கை

எர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டு பரிமாறினான். வந்த வினை அவ்வளவுதான்.

முழுதாக மூடவில்லை, பாதிதான் மூடியிருந்தேன் என்று பிற்பாடு அண்ணனிடம் வாதாடிப் பார்த்தான். ஆவி பறக்கும் தாம்பாளத்தில் ஓர் ஆடு முழுசாக வெந்து கிடக்கிறது. மூன்று வருஷமாக இறைச்சி, முட்டை, பால், தயிர் எதையும் தொடாதவன் அதை எப்படிப் பார்ப்பான்? கூரையைப் பார்த்தான். அண்ணன் கட்டிய புது வீடு, கூரையை நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே கைக்கு அகப்பட்ட எலும்பை எடுத்து, நடு இடத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் வைத்தான். அடுத்ததை வாசலோரம் இருந்தவன் முன்னால் வைத்தான்.

கூடத்தில் பேச்சு நின்றது. யாரோ தேநீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் பாதியில் நின்றது.

"எர்னிஸ்," என்றாள் அண்ணி புருல், உதடு அசையாமல். "கீழ பாரு."

பார்த்தான். கூட்டத்திலேயே மூத்தவருக்குப் போக வேண்டிய இடுப்பெலும்பு, மின்சார மீட்டர் மாட்ட வந்து "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று உட்கார வைக்கப்பட்ட ஆளின் முன்னால் இருந்தது. அவன் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடவே இல்லைங்க" என்றான். எழுபத்தாறு வயது சாதிர்பாய் பெரியவர் முன்னால் இருந்ததோ முன்னங்கால். கல்யாணமாகாத பயல்களுக்குப் போடுகிற துண்டு.

சாதிர்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லயே, என்னை இளவட்டம் ஆக்கிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார், வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், போய்விட்டார். விருந்து முடிந்ததும் உள்ளங்கை விரித்துப் புது வீட்டை வாழ்த்த வேண்டியவர் அவர். வாழ்த்தாமலே போனார்.

இதில் ஓர் அரசியலும் இருந்தது. எர்னிஸ் கிசில்-தல் நகர சபையின் உறுப்பினர். அவன் அந்த இடத்துக்கு வந்தது திறமையால் அல்ல. வேட்பாளர் பட்டியலில் வயது குறைந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று விதி. ஊரின் இளவட்டம் முழுக்க ரஷ்யாவில் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தது. மிஞ்சியவன் இவன். சைவமானதும் ஏறக்குறைய அப்படித்தான். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கூட்டத்துக்கு இலவச வைஃபைக்காகப் போனான். அங்கே கோழிப் பண்ணையைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். எழுந்து போகக் கூச்சப்பட்டு முழுசும் பார்த்துத் தொலைத்தான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குப் புல்லுதின்னி என்று பெயர்.

அந்தப் புல்லுதின்னி சபையில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தான். தெருநாய்களைச் சுடக் கூடாது. பிடித்துக் கருத்தடை செய்து விட்டுவிட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. தோற்றால் சனிக்கிழமை விடியும்போது துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஊரில் அறுபத்து சொச்சம் நாய்கள். இருபத்தோரு உறுப்பினர்களில் அவன் பக்கம் பத்து, எதிர்ப்பக்கம் பத்து. வாயே திறக்காதவர் சாதிர்பாய். பனிக்காலத்தில் ஒரு நாய்க்கூட்டம் அவருடைய ஒன்பது ஆடுகளைக் கடித்துப் போட்டிருந்தது. ஆகவே அவர் எந்தப் பக்கம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அந்தப் பதினோராவது கையை எப்படியாவது தூக்க வைக்க வேண்டும் என்றுதான் அவரை நடு இடத்தில் உட்காரவைத்து விருந்து வைத்தார்கள்.

முற்றத்தில் அண்ணன் மெலிஸ் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வேலை. ஒரே ஒரு வேலைதான்டா குடுத்தேன்."

"பைகே," என்றான் எர்னிஸ், அண்ணனை அழைக்கிற முறையில், "நான்தான் முதல்லயே வேணாம்னு சொன்னேன்ல?"

"வீட்டுக்குச் சின்னவன்தான் பரிமாறணும். நீதான் சின்னவன். சின்னவனை வாடகைக்கா பிடிச்சிட்டு வர முடியும்?"

"நான் போய் மன்னிப்புக் கேக்கறேன்."

"வெறுங்கையோடயா? பெரிய மனுஷனைப் பந்தியில அவமானப்படுத்திட்டு, அவர் வீட்டுல போய்ப் பல்லைக் காட்டுவியா?" மெலிஸ் கொட்டகைப் பக்கம் தலையை ஆட்டினான். அங்கே ஒரு கறுப்பு மூஞ்சி ஆடு நின்றது. "ஓட்டிட்டுப் போ. அவர் வாசல்ல வச்சு அறு. நீயே அறுக்கணும்."

"பைகே."

"என்னடா பைகே? வாழ்த்து இல்லாத வீட்டுல உன் அண்ணியை எப்படிடா குடிவைப்பேன்? உன் நாய்ங்களையும் நெனச்சுக்க. இல்ல, நாய்க்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயமா? அதையும் நீதான் சொல்லணும். நீதான படிச்சவன்."

அதற்கு எர்னிஸிடம் பதில் இருந்திருந்தால் சபையில் இந்நேரம் பதினைந்து கைகள் அவன் பக்கம் சேர்ந்திருக்கும்.

அவனுடைய பழைய ஹோண்டா ஃபிட்டின் பின்சீட்டை மடக்கி ஆட்டை ஏற்றினார்கள். சந்தையைத் தாண்டும்போது ரொட்டிக் கடையின் அடுப்புச் சுவரோரம் ஒரு பெட்டை நாய் குட்டிகளோடு படுத்திருந்தது. நாலு குட்டிகள். வண்டியைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டியது. சனிக்கிழமை அங்கேதான் முதலில் வருவார்கள். அது ஓடாது, எல்லோரிடமும் பழகிய நாய்.

அறுபது நாய்க்கு ஓர் ஆடு. கணக்கு சரியாகத்தான் வந்தது. அது அவ்வளவு சுளுவாகச் சரியாக வந்ததுதான் எர்னிஸுக்குப் பிடிக்கவில்லை. கோழிப் பண்ணைக்காரனும் இப்படி ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் ராத்திரி தூங்குவான்.

பின்னால் சரக் சரக் என்று சத்தம். திரும்பினான். கருத்தடைத் திட்டம் பற்றி அவன் எழுதிய முப்பது பக்க அறிக்கையை ஆடு தின்றுகொண்டிருந்தது. சபையில் ஒருவர்கூடப் பிரித்துப் பார்க்காத அறிக்கை. முதல்முதலாக ஒரு ஜீவன் அதைப் பக்கம் பக்கமாக உள்ளே வாங்கியது.

"சாப்பிடு," என்றான் எர்னிஸ்.

திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினான். இடப்பக்கம் மேய்ச்சல் மலை, பச்சைப் பசேலென்று. கதவைத் திறந்துவிட்டால் போதும். ஆடு தானே இறங்கிப் போய்விடும். கைப்பிடியில் கை வைத்தான். ஆடு அவன் கழுத்தில் மூச்சு விட்டது, சூடாக. இரண்டு நிமிஷம் அப்படியே இருந்தான். பிறகு குட்டிகள் நினைவுக்கு வந்தன. வண்டியை எடுத்தான்.

சாதிர்பாய் வாசலில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், அக்சகால்," என்றான். ஊர்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"வஅலைக்கும். யாரு, பரிமாறுறவரா?" வாயில் இருந்த ஆணியை எடுத்தார். "எதுக்கு வந்தே?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். தப்பு என்னோடதுதான். அண்ணனுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க."

"அவ்வளவுதானா?"

இப்போது கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாசலில் நின்றுகொண்டு பெரியவரிடம் ஓட்டு கேட்பதா? கேட்டு அவர் முடியாது என்று சொல்லிவிட்டால்? சொன்ன பிறகு ஆட்டைக் கொடுத்தால் லஞ்சம், கொடுக்காவிட்டால் அவமானம். அவன் மனசு இப்படிச் சுற்றிக்கொண்டிருக்க, வாய் தானாகச் சொன்னது:

"அவ்வளவுதான்."

சாதிர்பாய் வண்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். "வண்டியில என்னமோ மெல்லுதே."

"ஆடு, அக்சகால். உங்களுக்கு."

"நீ கொண்டு வந்தியா? ஆடு?" புருவம் ஏறியது. "ஊர்ல என்னென்னமோ சொல்றாங்களே, நீ தேன்கூட நக்க மாட்டியாம்."

"நக்க மாட்டேன்."

"அப்ப இதை?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு," என்றார் பெரியவர் மெதுவாக. "சரி, இறக்கு."

ஆட்டை அவர் முன்னால் நிறுத்தினான். அவர் உள்ளங்கைகளை விரித்தார், அவனும் விரித்தான். வீடு நிலைக்கட்டும், கூரையில் புகை நிற்காமல் வரட்டும், இளையவர்களுக்கு மூத்தவர்களைப் பார்க்கக் கண் திறந்திருக்கட்டும் என்று வாழ்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார். மெலிஸின் வீடு பிழைத்தது. பிறகு இடுப்பிலிருந்த கத்தியை உருவி, பிடியை எர்னிஸ் பக்கம் நீட்டினார்.

அறுக்கும் பழக்கம் கைக்கு மறந்திருக்கும் என்று எர்னிஸ் உள்ளுக்குள் நம்பியிருந்தான். கை நடுங்கும், கத்தி நழுவும், பெரியவர் "தள்ளுடா" என்று வாங்கிக்கொள்வார். அப்படி எதுவும் நடக்கவில்லை. பன்னிரண்டு வயசிலிருந்து பழகிய கை. மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டியது, தலையைத் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திருப்பியது, மோவாயைத் தூக்கிப் பிடித்தது. கறுப்பு மூஞ்சியில் இன்னும் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதன் நெஞ்சு அவன் முழங்காலுக்குக் கீழே படபடவென்று அடித்தது. பிஸ்மில்லா சொன்னான். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூடினால் அதற்கு வலிக்கும் என்று தெரியும்.

அந்தத் துடிப்பு நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நின்ற பிறகும் முழங்காலை எடுக்கவில்லை.

"நல்ல கை," என்றார் சாதிர்பாய். "சுத்தமா முடிச்சுட்டே. எழுந்திரு தம்பி."

குழாயடியில் அவர் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற, அவன் கழுவினான். வயசில் மூத்தவர் இளையவனுக்குத் தண்ணீர் ஊற்றுவது முறையில்லை. அதைச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. தேய்த்தான். தேய்த்துக்கொண்டே, இனி மரியாதை பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்று துணிந்து, கேட்டே விட்டான்.

"அக்சகால், நாளைக்கு நாய் விஷயம் வருது. எனக்குக் கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

செம்பு நின்றது.

"தூக்குவேன்."

எர்னிஸ் அவரைப் பார்த்தான்.

"போன அக்டோபர்ல சுட வந்தவனுங்க, பட்டிக்குள்ள படுத்திருந்த என் நாயையும் சுட்டுட்டுப் போனானுங்க. ஒன்பது வருஷம் ஓநாயோ நாய்க்கூட்டமோ அண்ட விடாம காத்த நாய். அது இல்லாமத்தான் பனிக்காலத்துல ஒன்பது ஆடு போச்சு. சுடக் கூடாதுன்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப இந்த ஆடு?"

"அது நீ மன்னிப்புக் கேக்கக் கொண்டு வந்ததுன்னு சொன்னே. வேற எதுவும் நீ கேக்கலயே, தம்பி. வாசல்ல வச்சு எதுக்கு வந்தேன்னு நான் கேட்டப்பவே நாய் விஷயத்தைச் சொல்லியிருந்தா, அங்கயே பதில் சொல்லியிருப்பேன். ஆட்டையும் திருப்பி அனுப்பியிருப்பேன்."