நோய்ப் பேச்சுக்குத் தடை

மூன்று நாளாக மைக் வாயே திறக்கவில்லை. வாய் ஓயாதவள் என்று வீட்டிலும் வேலை செய்த இடத்திலும் பெயர் வாங்கியவள், கையைக் காட்டியே காலம் தள்ளினாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினாள். கணவர்மேல் கோபம் வந்தால் முறைத்தாள். எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். "பேசினா கொஞ்ச நேரம்தான் குரல் வரும், அப்புறம் வெறும் காத்துதான் வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். இருக்கிற கொஞ்சநஞ்சத்தை வீட்டில் வீணாக்க அவளுக்கு மனசில்லை.

மைக் என்பது கல்லூரியில் வைத்த பெயர். கடைசி பெஞ்சில் அவள் கிசுகிசுத்தால் வராந்தாவில் போகிற பியூன் திரும்பிப் பார்ப்பார். பெயர் வைத்த ராசியோ என்னவோ, படிப்பு முடிந்ததும் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்து ஓய்வு பெற்றாள். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தவர், பொறுமைசாலி. "எங்க வீட்ல சாப்பிடக் கூப்பிட்டாலே பெட்டியைத் தூக்கிட்டு ஓடணும்போல இருக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அந்த மனுஷன் சிரிப்பதில்லை. மருந்துகளைப் பற்றி அத்தனை தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று சமையலறையில் போய் நின்று மூக்கைச் சிந்துகிறார்.

மாதத்தில் முதல் ஞாயிறு காலை, கல்லூரிக் கூட்டாளிகள் நான்கு பேர் வீடியோ அழைப்பில் திரையில் கூடுவார்கள். மைக், நெட்டை, தூங்குமூஞ்சி, கண்டக்டர். நெட்டை பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். தூங்குமூஞ்சி வக்கீல். வகுப்பில் தூங்கினவன் கோர்ட்டிலும் தூங்கினானா என்பது இன்றுவரை தீராத வழக்கு. கண்டக்டர் உண்மையில் வங்கி மேலாளர். கல்லூரிச் சுற்றுலாவில் எல்லோரையும் தலை எண்ணிப் பேருந்தில் ஏற்றியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயசாகியும் அந்தக் குணம் போகவில்லை. கூட்டத்தைக் கூட்டுவது, யார் முதலில் பேசுவது, யார் அடுத்தது, எல்லாம் அவன்தான்.

சட்டம் போட்டதும் அவன்தான். சில வருஷங்களுக்கு முன்பு ஒருநாள் பேச்சு முழுக்கச் சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை என்றே ஓடிற்று. "இது என்ன ஃப்ரெண்ட்ஸ் பேசுற இடமா, ஆஸ்பத்திரி வரிசையா? இனிமே எவன் நோயைப் பத்தி வாயைத் திறந்தாலும் மூடிடுவேன்" என்றான். சொன்னபடியே மூடினான். யாராவது "முட்டி" என்று ஆரம்பித்தால் போதும், அவர்களுடைய ஒலியைத் தன் பக்கத்திலிருந்தே நிறுத்திவிடுவான். அடுத்த ஆள் பேசி முடிக்கும்வரை மாட்டினவர் ஊமையாக உட்கார வேண்டும். மாட்டினவர் கையை ஆட்டி ஆட்டித் திட்டுவதும், மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பதும் வழக்கமாகிப்போயிற்று. அதிகமாகச் சிரித்தவள் மைக்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுடேன்" என்று கணவர் நேற்று மெதுவாகச் சொன்னார். "அவங்களும் தயாரா இருப்பாங்க."

மைக் தலையை ஆட்டினாள். கையால் காட்டி முடியாது என்று தெரிந்து, சேர்த்து வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழித்தாள். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சேதி சொன்ன வாய் இது. என் சேதியை நானே சொல்றேங்க. என் குரல்லயே கேட்கட்டும்."

அவர் தலையை அசைத்துவிட்டுக் கைக்கணினிக்குச் சார்ஜ் போடப் போனார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கைக்கணினியைச் சாய்த்து வைத்தார் கணவர். மைக் தலை வாரி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்தாள். கட்டி வெளியே தெரியாதபடி கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். மூன்று முகங்களும் வந்தன.

"மாப்ளே, சௌக்கியமா?" என்று கண்டக்டர் கணவரைப் பார்த்துக் கூவினான். கூடப் படித்தவள் தங்கச்சி மாதிரி, ஆகவே அவள் புருஷன் மாப்பிள்ளை என்பது அந்தக் காலத்திலிருந்தே அவன் கணக்கு. கணவர் கும்பிட்டுவிட்டு, வெந்நீர் வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

தூங்குமூஞ்சி பேத்திக்கு வேலை கிடைத்ததைச் சொன்னான். "உன்ன மாதிரி இல்லாம முழிச்சிருக்கிற வேலையா?" என்று நெட்டை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மைக்கும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

"அடுத்து மைக்! என்ன இன்னைக்கு அம்மா இவ்வளவு அடக்கம்? உலக அதிசயமால்ல இருக்கு" என்றான் கண்டக்டர்.

மைக் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருங்க. எல்லாரும் நல்லாக் கேளுங்க" என்றாள். அறிவிப்பு அறையில் ஒரு பழக்கம் உண்டு. பேசுவதற்குமுன் அறைக்குள் இருக்கிற ஒலிபெருக்கியைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் குரலே திரும்பி வந்து கீச்சென்று கத்தும். விரல் தானாகப் போய் கைக்கணினியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தது. அதுவும் நல்லதுதான் என்று தோன்றிற்று. நடுவில் யாராவது அய்யோ என்றால் அழுதுவிடுவாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முகங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்ல. புதன்கிழமை குரல்வளையை எடுக்குறாங்க. அப்புறம் கழுத்துல ஒரு ஓட்டை வழியாத்தான் மூச்சு. என்னைப் பார்த்தா பயந்துடாதீங்க."

குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் அவளுடைய குரலாகவே வந்தது. அதைக் கேட்டு அவளுக்கே தைரியம் பிறந்தது.

"நெட்டை, எங்கம்மா போன அன்னைக்கு நீ வந்து ஒரு வார்த்தை பேசாம அத்தனை பாத்திரத்தையும் தேய்ச்சுக் கவுத்துட்டுப் போன. அதுக்கு நான் உனக்கு ஒண்ணுமே சொன்னதில்ல. தூங்குமூஞ்சி, என் பையன் குடும்பம் உடைஞ்சப்போ நீ வீட்டுக்கே வந்து அவன் பக்கத்துல உட்கார்ந்திருந்த. வக்கீலா இல்ல, மாமனா. கண்டக்டர், முதல் நாள் வேலையில எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிச்சு. நீ லீவு போட்டுட்டு வந்து எதிர் நடைமேடையில நின்னு கையை ஆட்டினடா. உன்னைப் பார்த்துத்தான் முதல் வண்டியை அறிவிச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்ச குரல். இது போறதுக்கு முன்னாடி உங்க காதுல ஒரு தடவை விழணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

கடைசி வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. பரவாயில்லை, சொல்லி முடித்துவிட்டாள். உடம்பு லேசாகிவிட்டதுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெந்நீர் டம்ளரோடு வந்த கணவர் திரையைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, கீழே இருக்கிற மைக் படத்துமேல சிவப்புக் கோடு போட்டிருக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினாள். நெட்டை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூங்குமூஞ்சி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். கணவர் சத்தத்தைக் கூட்டினார்.

"...அந்த நாய் என் செருப்பில ஒண்ணை மட்டும்தான் தின்னுது, இன்னொண்ணை அப்படியே வச்சிருக்கு" என்று குடித்தனக்காரர் வீட்டு நாயைப் பற்றி நெட்டை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதோ, நம்ம கைதியும் திரும்பிட்டா" என்றான் கண்டக்டர். "தொண்டைன்னு ஆரம்பிச்சா விடுவேனா? ஜன்னலைப் பார்த்து என்னா திட்டுத் திட்டுற! போதும், நெட்டை முடிச்சாச்சு, தண்டனை தீர்ந்துச்சு. வாம்மா, வந்து பேசு."

'தொண்டையில' என்ற சொல்லோடு அவன் அமுக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

கணவர் அந்தச் சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டார். மைக் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. வெந்நீரைக் குடித்துவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதும் காற்றுதான் வந்தது. பாவி மனுஷி, மூன்று நாள் வாயைப் பட்டினி போட்டுச் சேர்த்த குரலை ஜன்னல் கம்பிக்குச் சொல்லித் தீர்த்திருந்தாள். அவள் கணவரைப் பார்த்தாள். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

அவர் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர், கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் நேராகச் சொன்னார். எங்கே கட்டி, புதன்கிழமை என்ன செய்வார்கள், இன்றைக்காக எத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் உடைந்தது நெட்டைதான்.

"உன் சட்டத்துல இடி விழ! கடைசியா ஒரு தடவை பேச வந்தவளை..." என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள். மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விடு நெட்டை, அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான் தூங்குமூஞ்சி. அவன் குரலும் சரியாக இல்லை.

"தெரியும்" என்றான் கண்டக்டர்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"முழுசாத் தெரியாது. ஆனா மைக் 'எல்லாரும் கேளுங்க'ன்னு சொன்ன விதத்துலயே ஏதோ பெரிசுன்னு தெரிஞ்சுபோச்சு. பயந்துட்டேன். அவ சொன்னா நானும் சொல்லியாகணுமே. அதான் கை தானா அமுக்கிடுச்சு." அவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை மேலே சுருட்டினான். முன்கையில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. அதன்மேல் இரண்டு பிளாஸ்திரி. "கிட்னி போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் ஊசியைக் குத்தி ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. வீட்ல, ஆஸ்பத்திரில, தெருவுலன்னு எங்க போனாலும் நான் நோயாளிதான். பார்க்கிறவன் எல்லாம் அதைத்தான் கேட்கிறான். உங்ககூட உட்கார்ற இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் நான் பழைய கண்டக்டர். அதுக்காகத்தான்டி அந்தச் சட்டம். என் ஒருத்தனுக்காகத்தான். அதால உன் வாயை..." சட்டையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். "என்ன சொன்ன மைக்? என்னம்மா சொன்ன? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லேன்..."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்புவரை வந்திருக்கும். இப்போது அவன் கையில் இருந்த அந்த இரண்டு பிளாஸ்திரியைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. மேஜையைத் தட்டினாள். அவன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். மூன்று பேரும் பார்த்தார்கள். "வேண்டாம்மா, வலிக்கும்" என்று கணவர் தோளைப் பிடித்தார். அவர் கையை விலக்கிவிட்டு, கழுத்துத் துணிமேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, நாற்காலி நுனிக்கு வந்தாள். கண்ணில் நீர் முட்டிற்று. எங்கேயோ அடியிலிருந்து பிசிறு பிசிறாக ஒரு குரல் கிளம்பி வந்தது.

"எவ்வளவு நாளாடா?"

அவளுடைய சொந்தக் குரலில் அவர்கள் கேட்ட கடைசிச் சொல் அதுதான்.